பாட்டும் வேணும், பதிலும் வேணும்

(நம் தகவல் தொழில்நுட்ப அணியின் பயிற்சி முகாமில் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரை. நேரில் வர முடியாத தோழர்கள் பலர் கேட்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு கொஞ்சம் வில்லங்கமானது. ஆனா நம்ம அணியில் இருக்கிற எல்லோருக்கும் தெரிஞ்ச பிரச்சினைதான். ஒரு இசையமைப்பாளரோ பாடகரோ ஏதோ ஒரு மேடையில் ஏதோ ஒன்று பேசுகிறார். நம் தலைவர்களை, நம் கொள்கையை, இல்லைன்னா நம்ம மக்களையே இழிவுபடுத்துற மாதிரி இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குக் காணொளி வெட்டி வருது. எட்டு மணிக்கு ஹேஷ்டேக். பத்து மணிக்கு, "இனிமே இவர் பாட்டை எவனாவது ஸ்டேட்டஸ் வச்சா அவன் தோழனே இல்லை" என்று நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் தீர்ப்பு எழுதிடுறார். மறுநாள் காலையில் இன்னொருத்தர் பழைய பழக்கத்தில் அதே பாட்டைப் போட்டுடுவார். அப்புறம் என்ன? எதிரியை விட்டுட்டு நமக்குள்ளேயே நாலு நாள் சண்டை.

இன்னைக்கு ஒரு முடிவுக்கு வருவோம். கருத்து பிடிக்காத கலைஞரின் பாட்டைக் கேட்கலாமா? கேட்கலாம்னா எது வரைக்கும்? கூடாதுன்னா எதுக்காக?

முதல்ல நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற ஒரு பாட்டை எடுத்துக்குவோம். "குறையொன்றும் இல்லை". எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது. கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டிலும் கேட்டிருக்கும். டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரி வரவேற்பறையில்கூடக் கேட்டிருப்பீங்க. அதை எழுதியது யார் தெரியுமா? ராஜாஜி.

ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் என்னன்னு இங்கே பல பேருக்குத் தெரியும். தெரியாத புதுத் தோழர்களுக்காகச் சொல்றேன். கிராமத்துப் பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடம் போகணும். மீதி அரை நாள் அப்பா செய்யுற தொழிலைக் கத்துக்கணும். அதுக்கு நம்ம இயக்கம் வைத்த பெயர்தான் குலக்கல்வித் திட்டம். தந்தை பெரியார் ஊர் ஊராகப் போய் எதிர்த்தார். அண்ணாவின் கழகம் தெருவில் இறங்கிப் போராடியது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானார். திட்டம் குப்பைக்குப் போச்சு.

அந்தத் திட்டம் நிலைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்த அரங்கத்தில் பொறியியல் படிச்சவங்க கை தூக்குங்க... பாருங்க, பாதிக்கு மேல. இதுல உங்க வீட்டில் நீங்கதான் முதல் பட்டதாரின்னா கையை இறக்காதீங்க... ஒருத்தர்கூட இறக்கலையே! என்னையும் சேர்த்துத்தான். அந்தத் திட்டம் இருந்திருந்தா இந்தக் கைகளில் லேப்டாப் இருந்திருக்காது. அப்போ அது வெறும் "மாற்றுக் கருத்து" இல்லை. நம்ம தலையெழுத்தையே மாத்தி எழுதப் பார்த்த கருத்து.

சரி, அப்படின்னா அவர் எழுதின பாட்டை என்ன செய்யுறது? எம்.எஸ். குரலை அணைச்சுடலாமா? பெரியார் என்ன செஞ்சார்னு பாருங்க. ராஜாஜியின் பல திட்டங்களைக் கடுமையா எதிர்த்தவர் அவர். ஆனா 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் சுடுகாடு வரைக்கும் போய்க் கண்ணீர் விட்டார். நட்பு ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம். நட்புக்காகச் சண்டையைக் குறைச்சுக்கல. சண்டைக்காக நட்பையும் முறிச்சுக்கல. கொள்கையில் உறுதியா இருக்கிறவனுக்குத்தான் இது முடியும். அரைகுறையா இருக்கிறவனுக்குத்தான், எதிரி எழுதின பாட்டைக் கேட்டா நாம மாறிடுவோமோன்னு பயம் வரும்.

இதோட பேச்சை முடிச்சிடலாம், "பாட்டு வேற, ஆள் வேற, போய்க் கேளுங்க" என்று. ஆனா அது சோம்பேறித்தனமான பதில். எல்லாக் கேஸும் ஒண்ணு இல்லை. நான் படிச்ச படிப்பில் ஒரு கோளாறு வந்தா முதல் வேலை, அது எந்த வகைக் கோளாறுன்னு பிரிக்கிறது. அப்படிப் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல் வகை: அரசியல் கருத்து வேறுபாடு.

கவிஞர் கண்ணதாசன் 1961-ல் கழகத்தை விட்டுப் போனார். போனவர் சும்மா போகல. "வனவாசம்" எழுதி வறுத்தெடுத்தார். அதுக்காக அவர் பாட்டைக் கேட்காம இருந்த உடன்பிறப்பு யாராவது உண்டா? கண்ணதாசன் மறைந்தபோது கலைஞர் எழுதிய இரங்கல் கவிதையை இன்னைக்கும் நம்ம பெரியவங்க சொல்லக் கேட்கலாம். எம்.ஜி.ஆரையும் கண்ணதாசன் கடுமையா விமர்சித்தவர்தான். அதே எம்.ஜி.ஆர் முதலமைச்சராக வந்து 1978-ல் அவரையே அரசவைக் கவிஞராக்கினார். தமிழ்நாட்டு அரசியலில் இது பழைய மரபு. மேடையில் கிழிப்பாங்க. வீட்டுக்குப் போய் ரேடியோவில் அவர் பாட்டைக் கேட்பாங்க.

இளையராஜா விஷயத்தையும் இந்த இடத்திலேயே பேசிடுறேன். 2022 ஏப்ரலில் ஒரு புத்தகத்துக்கு அவர் எழுதின முன்னுரையில் அண்ணல் அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிட்டார். அம்பேத்கரைப் படிச்ச யாருக்கும் அது வலிக்கத்தான் செய்யும். சாதியை ஒழிக்கணும்னு சொன்னவரையும், அந்த மனுநீதியை மனசில் வச்சிருக்கிற அமைப்பிலிருந்து வந்தவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இதை நாம சொல்லணும், சொன்னோம், இனியும் சொல்லுவோம். அதே வருஷம் ஜூலையில் அவர் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அதுவும் விமர்சனத்துக்கு உட்பட்டதுதான்.

ஆனா அவருக்கு "இசைஞானி"ன்னு பட்டம் கொடுத்தது யார்? கலைஞர். 2025 மார்ச்சில் அவர் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றப் போறார்னதும் வீடு தேடிப் போய் வாழ்த்தினது யார்? முதலமைச்சராக இருந்த தளபதி மு.க. ஸ்டாலின். செப்டம்பரில் தமிழ்நாடு அரசே சென்னையில் விழா எடுத்தது. அந்த முன்னுரையை யாரும் மறந்துட்டாங்கன்னா அப்படிச் செஞ்சாங்க? இல்லை. முன்னுரைக்குப் பதில் முன்னுரைக்கு. இசைக்கு மரியாதை இசைக்கு. ரெண்டு கணக்கையும் தனித்தனியா வச்சுக்கத் தெரிஞ்சதுதான் நம்ம அரசியல்.

அந்த 2022-ல் நடந்த இன்னொன்றைச் சொல்லாம விட்டா நான் நேர்மையா பேசினதா ஆகாது. அவர் கருத்தை எதிர்க்கிறோம்னு கிளம்பின சிலர், சமூக வலைதளங்களில் அவருடைய பிறப்பை இழுத்தாங்க. தோழர்களே, இதைவிடக் கேவலம் எதுவும் கிடையாது. அம்பேத்கருக்காகப் பேசுறேன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் பிறப்பைச் சொல்லித் திட்டுறவன், முன்னுரை எழுதினவரை விட அம்பேத்கருக்கு நூறு மடங்கு துரோகம் செய்யுறான். நம்ம அணியில் யார் அப்படி எழுதினாலும் அந்த நிமிஷமே குழுவை விட்டு வெளியே போகணும். இதில் விவாதமே இல்லை.

இரண்டாம் வகை: வெறுப்புப் பேச்சு.

இது கருத்து வேறுபாடு இல்லை. ஒரு கூட்டம் மனுஷங்களைப் பார்த்து, "நீ இங்கே இருக்கக்கூடாது, நீ எனக்குக் கீழே"ன்னு சொல்றது. 1976 ஆகஸ்ட் 5. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரம். கிட்டார் மேதைன்னு உலகமே கொண்டாடின எரிக் கிளாப்டன், போதையில் மேடை ஏறி, வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் நாட்டை விட்டுப் போகணும்னு பேசினார். குடியேறிகளுக்கு எதிரா வெறுப்பு அரசியல் செய்த ஈனாக் பவலுக்கு ஆதரவு கேட்டார். இதில் என்ன கொடுமைன்னா, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஜமைக்காவின் கறுப்பினக் கலைஞர் பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடிச்சிருந்தார். அவர் வாசிச்ச புளூஸ் இசையே கறுப்பின மக்கள் கொடுத்த சொத்து. சோறு போட்டவன் வீட்டையே கொளுத்தச் சொன்ன கதை.

அது வெறும் பேச்சுன்னு விட முடியாது. அதே வருஷம் ஜூன் மாசம், லண்டனில் நம்ம நாட்டவங்க அதிகம் வாழுற சவுத்தால் பகுதியில் ஒரு சீக்கிய மாணவர் தெருவில் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். வயசு 18. அந்தச் சூழ்நிலையில்தான் அந்த மேடைப் பேச்சு. இந்த மாதிரிப் பேச்சுக்கு, "கலைஞர்கள் அப்படித்தான், விடுங்க" என்பது பதில் ஆகாது.

அதுக்கு அங்கே இருந்தவங்க என்ன பதில் கொடுத்தாங்க? இதை ஐ.டி. அணிக்காரங்க நல்லா மனசில் வாங்கிக்கணும். ஒரு புகைப்படக் கலைஞரும் அவர் நண்பர்களும் சேர்ந்து இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. "உன் இசையில் பாதி கறுப்பர்களோடதுதானே, நீ எப்படி இப்படிப் பேசலாம்?" என்பதுதான் அதோட சாரம். நிறவெறிக்கு எதிரா ஒரு இசை இயக்கம் கட்டப் போறோம், வாங்கன்னு கூப்பிட்டாங்க. அதுதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்'. 1978 ஏப்ரல் 30-ல் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரைக்கும் பல்லாயிரம் பேர் ஊர்வலம். அங்கே கறுப்பின ரெகே குழுவும் வெள்ளைக்கார பங்க் குழுவும் ஒரே மேடையில். நிறவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட் இளைஞர்களைப் பிடிக்கப் பார்த்த நேரத்தில், அந்த இளைஞர்களைப் பாட்டால் இந்தப் பக்கம் இழுத்தாங்க. கிளாப்டனே பல வருஷம் கழிச்சு, அந்தப் பேச்சை நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்குன்னு சொன்னார். கடிதம் எழுதினவங்க அவர் இசைத்தட்டை உடைச்சதோட நிறுத்தியிருந்தா அது ஒரு நாள் செய்தி. இயக்கம் கட்டினதால வரலாறு.

மூன்றாம் வகை: குற்றம்.

அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லி மேல் பாலியல் குற்றச்சாட்டுகள் பல காலமா இருந்தது. 2018 மே மாதத்தில் ஸ்பாட்டிஃபை நிறுவனம், வெறுப்பு நடத்தைக்கு எதிரா ஒரு கொள்கைன்னு அறிவிச்சு, தங்கள் பட்டியல்களிலிருந்து அவர் பாட்டுகளை எடுத்தது. யாரை எடுக்கிறது, யாரை விடுறதுன்னு கேள்வி மேல கேள்வி வந்ததும் ஜூன் தொடக்கத்திலேயே அந்த விதியைப் பின்வாங்கிட்டாங்க. ஒரு கம்பெனி உட்கார்ந்து நீதிபதி வேலை பார்த்தா இப்படித்தான் ஆகும். அப்புறம் நீதிமன்றம் அதோட வேலையைச் செஞ்சது. 2021-ல் குற்றவாளின்னு தீர்ப்பு, 2022-ல் முப்பது வருஷ சிறை. இந்த வகையில் நம்ம நிலைப்பாடு எளிமையானது. பாதிக்கப்பட்டவங்க பக்கம் நிற்கணும். "எவ்வளவு நல்லாப் பாடுவார் தெரியுமா"ன்னு நம்ம பக்கத்திலிருந்து ஒரு வரிகூட வரக்கூடாது. நல்லாப் பாடுறது எந்தக் கோர்ட்டிலும் முன்ஜாமீன் கிடையாது.

நான்காம் வகை: பாட்டுக்குள்ளேயே நஞ்சு.

ஆள் நல்லவரோ கெட்டவரோ, பாட்டே ஒரு சாதியைத் தூக்கிப் பிடிக்குது, பெண்ணை இழிவு பண்ணுதுன்னா அங்கே "பாட்டு வேற, ஆள் வேற" வாதத்துக்கே இடமில்லை. 1992-ல் வந்த 'தேவர் மகன்' படத்தை எடுத்துக்கோங்க. படத்தோட முடிவு என்னவோ அரிவாளைக் கீழே போடச் சொல்றதுதான். ஆனா அந்தப் படத்தின் ஒரு பாட்டு, படத்தை விட்டுத் தனியா வெளியே வந்து, சாதி ஊர்வலங்களில் ஒலிபெருக்கியில் ஏறிடுச்சு. எழுதினவர், இசையமைச்சவர், நடிச்சவர் யார் மனசில் என்ன இருந்ததோ, தெருவில் அந்தப் பாட்டு யாரைப் பயமுறுத்துச்சு என்பதுதான் கேள்வி.

இதுக்கும் பதில் கலையிலேயே வந்தது. 2023-ல் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் எதிரிலேயே, மாரி செல்வராஜ் எழுந்து 'தேவர் மகன்' தன்னை எப்படி உலுக்கியதுன்னு பேசினார். அந்தப் படத்தில் வடிவேலு செஞ்ச இசக்கிதான் தன் மாமன்னன் என்றார். இசக்கியா நடிச்ச அதே வடிவேலு, முப்பது வருஷம் கழிச்சுச் சட்டமன்ற உறுப்பினரா நாற்காலியில் உட்கார்ந்தார். ஏ.ஆர். ரஹ்மான் இசையில் அவரே பாடவும் செஞ்சார். ஒரு தடை உத்தரவு இதைச் செஞ்சிருக்குமா?

இப்போ, "அதெல்லாம் சரி, எனக்கு அந்த ஆள் குரலைக் கேட்டாலே வயிறு எரியுது, என்ன செய்ய?"ன்னு ஒரு தோழர் கேட்கலாம். கேட்காதீங்க. அவ்வளவுதான். அது உங்க உரிமை. காயம் பட்டவங்ககிட்டப் போய், "கலையைக் கலையாப் பாருங்க"ன்னு பாடம் நடத்துற உரிமை யாருக்கும் இல்லை.

ஜெர்மன் இசை மேதை ரிச்சர்ட் வாக்னர் கதை இதுக்கு நல்ல உதாரணம். 1850-ல் யூதர்களை இழிவுபடுத்தி, புனைபெயரில், இசையில் யூதர்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1869-ல் சொந்தப் பெயரிலேயே மறுபடி வெளியிட்டார். அவர் இறந்தது 1883. ஹிட்லர் பிறந்தது 1889. ஆனா நாஜிகள் வாக்னரைத் தூக்கித் தலையில் வச்சுக்கிட்டாங்க. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டு இடங்களும் கொளுத்தப்பட்டதும், பாலஸ்தீனத்தில் இருந்த யூத இசைக்குழு வாக்னரை வாசிக்கிறதை நிறுத்திடுச்சு. பிறகு இஸ்ரேல் உருவான பின்னாலும் அது எழுதப்படாத விதியாவே தொடர்ந்தது. சட்டம் ஒண்ணும் போடல. முகாம்களிலிருந்து உயிரோட மீண்டவங்க அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தாங்க, அதான் காரணம்.

1981-ல் மும்பையில் பிறந்த நம்ம சுபின் மேத்தா டெல் அவிவில் வாசிச்சுப் பார்த்தார். பெரிய எதிர்ப்பு. 2001 ஜூலையில் டேனியல் பேரன்பாயிம் ஜெருசலேமில் என்ன செஞ்சார்னா, அறிவிச்ச நிகழ்ச்சி முழுசும் முடிஞ்சதும், ரசிகர்கள் பக்கம் திரும்பி, "வாக்னர் வாசிக்கட்டுமா? பிடிக்காதவங்க தாராளமாப் போகலாம்" என்றார். அரை மணி நேரம் அரங்கத்துக்குள்ளேயே விவாதம். சிலர் கத்திட்டுக் கதவை அறைஞ்சுட்டுப் போனாங்க. மீதிப் பேர் உட்கார்ந்து கேட்டாங்க. பேரன்பாயிம் யூதர். போனவங்களும் யூதர். கேட்டவங்களும் யூதர். இன்னொரு செய்தி: யூதர்களுக்குத் தனி நாடு வேணும்னு புத்தகம் போட்ட தியடோர் ஹெர்சல், அந்தப் புத்தகத்தை எழுதின நாட்களில் மாலை நேரத்தில் போய்க் கேட்டது வாக்னர் இசையை!

ஒரே காயம், ஒரே மக்கள், அதிலேயே இத்தனை பதில். அப்போ நம்ம வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எல்லோரும் ஒரே பதில் சொல்லணும்னு ஏன் எதிர்பார்க்கணும்? கேட்கிறவரை துரோகின்னு சொல்லாதீங்க. கேட்காதவரை வெறியர்னு சொல்லாதீங்க.

இதே கேள்வி தலைகீழா நம்ம ஊரிலும் வந்துச்சு. 2024 மார்ச்சில் மியூசிக் அகாதமி டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவிச்சது. உடனே ரஞ்சனி–காயத்ரி சகோதரிகள், அந்த ஆண்டு மாநாட்டிலிருந்து விலகுறோம்னு அறிவிச்சாங்க. அவங்க சொன்ன காரணங்களில் முக்கியமானது, கிருஷ்ணா பெரியாரைப் புகழ்ந்தார் என்பது. பின்னாடியே இன்னும் சிலர் விலகினாங்க. நாம எல்லாரும் கொந்தளிச்சோம். "ஒருத்தரோட பாட்டைப் பாருங்க, அவர் யாரைக் கொண்டாடுறார்னு பார்த்து விருதைத் தடுக்காதீங்க"ன்னு எழுதினோம். சரியாத்தான் எழுதினோம்.

ஆனா அன்னைக்கு நாம எழுதின வாக்கியத்தை நாளைக்கு யாராவது நமக்கே திருப்பி அனுப்பினா நம்மகிட்ட பதில் இருக்கணும். நம்ம கொள்கைக்கு ஒரு தராசு, அவங்க கொள்கைக்கு ஒரு தராசுன்னு வச்சா அது கொள்கை இல்லை, கோஷ்டி. மேடை ஏறமாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை உண்டு. பெரியாரைப் பற்றி அவங்க சொன்ன காரணத்தைப் பதிலால் நொறுக்க நமக்கு உரிமை உண்டு. ஆனா அவங்க பாடுறதைக் கேட்கிற நம்ம தோழரை யாரும் விசாரணைக் கூண்டில் ஏத்தக்கூடாது.

அடுத்து காசு விஷயம். "நாம கேட்டா அந்த ஆளுக்குக் காசு போகுதே!" நியாயமான கேள்வி. ஆனா ஒரு சினிமாப் பாட்டு ஒருத்தர் சொத்து இல்லை. இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், வயலின் வாசிச்சவர், தபேலா வாசிச்சவர், ஒலிப்பதிவாளர், இவங்க எல்லாருடைய உழைப்பும் அதில் இருக்கு. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செஞ்சது. அதை அவங்ககிட்ட எழுதி வாங்கிக்கவும் முடியாது. அப்போ இசையமைப்பாளர் மேல இருக்கிற கோபத்தில் நீங்க ஒதுக்குற பாட்டில், ஒரு ஏழைக் கவிஞர் குடும்பத்துக்குப் போற பங்கும் இருக்கலாம். அதே நேரம், அந்தக் கலைஞர் அந்தப் பணத்தை வெளிப்படையா வெறுப்பு அரசியலுக்குக் கொடுக்கிறார்னா டிக்கெட் வாங்காதீங்க. அதில் தப்பே இல்லை. புறக்கணிப்பு பழைய ஆயுதம், நல்ல ஆயுதம். எதுக்கு எடுக்கிறோம்னு தெரிஞ்சு எடுக்கணும்.

இன்னொன்று, நம்ம தொழில் சம்பந்தப்பட்டது. அல்காரிதத்துக்குக் கோபமும் தெரியாது, அன்பும் தெரியாது. நீங்க திட்டி ஷேர் பண்ணினாலும் அதுக்கு அது ஷேர்தான். ஒரு பாடகர் உளறின காணொளியை நூறு பேர் "கேவலம்"னு போட்டுப் பரப்பினா, அதுவரை கேட்காத ஆயிரம் பேர் காதுக்கு அதை நாமதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். வெறுப்புப் பேச்சுக்கு இலவச விளம்பர ஏஜெண்டா நாம இருக்கக்கூடாது. காணொளியைப் பகிராம, என்ன சொன்னார்னு ஒரு வரி எழுதி, ஏன் தப்புன்னு ஆதாரத்தோட பத்து வரி எழுதுங்க.

நம்ம முன்னோர்கள் என்ன செஞ்சாங்கன்னும் பார்க்கணும். கச்சேரி மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான் பிரதானம், தமிழுக்குத் துக்கடா இடம்தான்னு இருந்த காலம் அது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நம்ம இயக்கத்துக்காரர் இல்லை. ஆனா தமிழிசைக்குப் பெரியாரும் அண்ணாவும் குரல் கொடுத்தாங்க. யாரும் போய் எந்தச் சபாவிலும் தம்புராவை உடைக்கல. நமக்குன்னு ஒரு மேடையைக் கட்டினாங்க. இசைமுரசு நாகூர் ஹனிஃபாவைப் பாருங்க. பகுத்தறிவு மேடையில் பாடினவர், அதே குரலில் இறைவனையும் பாடினார். அவர் நம்பிக்கை நமக்கு இடைஞ்சலா இருந்ததே இல்லை. நம்ம நாத்திகம் அவருக்கு இடைஞ்சலா இருந்ததும் இல்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறின 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வரைக்கும் இதே வழிதான். கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்து சாதிக்குப் பதில் சொன்னது.

முடிக்கப் போறேன். நம்ம அணிக்கு நான் முன்வைக்கிறது அஞ்சு விஷயம். தலைமை ஏத்துக்கிட்டா விதியாகட்டும், இல்லைன்னா பழக்கமாகவாவது ஆகட்டும்.

ஒன்று, தோழர்களின் காதில் காவல் நிலையம் வைக்காதீங்க. தனிப்பட்ட முறையில் யார் எதைக் கேட்கிறாங்க என்பது கட்சி விவகாரம் இல்லை.

இரண்டு, கட்சி மேடையும் கட்சிப் பக்கமும் வேற. மக்களை இழிவுபடுத்திப் பேசினவர் அதைத் திரும்பப் பெறாத வரைக்கும் அவருக்கு நம்ம மேடையில் மாலை கிடையாது. சாதிப் பெருமை பேசுற பாட்டு, எவ்வளவு துள்ளலா இருந்தாலும், நம்ம ரீல்ஸில் பின்னணியா வரக்கூடாது. பரப்புரை வண்டியிலும் கூடாது.

மூன்று, கருத்துக்குக் கருத்தால பதில். தேதி, ஆதாரம், வாதம். பிறப்பு, குடும்பம், உருவம் எதையும் தொடக்கூடாது. குறிப்பா பெண் கலைஞர்கள் விஷயத்தில் இதை ரெண்டு மடங்கு கவனிக்கணும். ஆண் பாடகரிடம் கருத்தைப் பற்றிக் கேட்கிற நம்ம ஆட்கள், பெண் பாடகின்னா நடத்தையைப் பற்றிக் கேட்கிறாங்க. பெரியார் பிள்ளைகள்னு சொல்லிக்கிட்டு அதைச் செய்யக்கூடாது.

நான்கு, மனம் மாற இடம் விடுங்க. பேசினது தப்புன்னு ஒருத்தர் சொன்னா, பழைய ஸ்கிரீன்ஷாட்டோட திரும்பப் போய் நிற்காதீங்க. ஆள் சேர்க்கத்தான் இயக்கம்.

ஐந்து, ஒரு பாட்டை எதிர்த்தா ஒரு பாட்டை அறிமுகப்படுத்துங்க. உங்க ஊரில் பறையடிக்கிற தங்கச்சி, கானா பாடுற தம்பி, பள்ளிக்கூடத்தில் பாடுற ஆசிரியர் யாரோ ஒருத்தர் இருப்பாங்க. ஹேஷ்டேகுக்குச் செலவழிக்கிற மூணு மணி நேரத்தை அவங்க பாட்டைப் படம் பிடிச்சு ஏத்தச் செலவழிங்க.

"குறையொன்றும் இல்லை" பாட்டை நீங்க கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். எது செஞ்சாலும், அதை எழுதினவர் கொண்டுவந்த குலக்கல்வியைத் தெருவில் நின்னு விரட்டினது யார்னு பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்க. நான் கேட்கிறது அவ்வளவுதான்.



#பாட்டும்வேணும்_பதிலும்வேணும்
#கருத்துக்குக்கருத்து